மாமரத்துப் புல்லுருவி: கேள்விகளும் பதில்களும்

சேலம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் ஏற்காட்டில் செடி, பறவை என்றே காலம் தள்ளுபவர்.

வாழப்பாடி: ஐயா, மல்கோவா மரத்து உச்சிக் கிளையில் வேறு இலையோடு ஒரு கொத்து நிற்கிறது. விதை அங்கே எப்படி ஏறியது?

அது புல்லுருவி, மரத்தை உறிஞ்சி வாழும் செடி. விதையை ஏற்றிவிட்டது பூங்கொத்தி என்ற பறவை. சிட்டுக்குருவியை விடச் சின்னது, 8 செ.மீ. தான் இருக்கும். புல்லுருவிப் பழத்தை அப்படியே விழுங்கும். உள்ளே ஒரே விதை, சுற்றிலும் பசை. அந்தச் சின்னக் குடலில் விதை தங்குவது சில நிமிடங்கள்தான். வெளியே வந்தும் பசை போகாது. எச்சம் கீழே விழாமல் நூல் மாதிரி பின்புறத்தில் தொங்கும். பறவை அதைக் கிளையில் தேய்த்துவிட்டுப் பறந்துவிடும், விதை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மண்ணே வேண்டாம். முளை வளைந்து வந்து பட்டையைத் தொடும், தொட்ட இடத்தில் தட்டையாகப் பரவி, உறிஞ்சி என்ற வேர் மாதிரி உறுப்பை உள்ளே இறக்கும். இலை பச்சையாக இருப்பதால் சமையல் அதுவே பார்த்துக்கொள்ளும். முக்கியமாகத் தண்ணீரையும் உப்புச்சத்தையும் மரத்திடம் கறந்துகொள்ளும்.

சில நிமிடங்கள் என்றேனே, அதைக் கவனியுங்கள். அதற்குள் பறவை எவ்வளவு தூரம் போய்விடும்? உங்கள் கிளையில் ஒட்டிய விதை அநேகமாக அதே மரத்துப் பழத்தில் இருந்தோ, அடுத்த தோட்டத்துப் பழத்தில் இருந்தோ வந்ததுதான். பழம் கனிவதற்குள், ஒட்டிய இடத்திலிருந்து அடிமரத்துப் பக்கம் ஒரு அடி தள்ளி, கிளையோடு அறுத்துவிடுங்கள். பிடுங்காதீர்கள். உறிஞ்சி உள்ளேயே நின்று மறுபடி துளிர்க்கும்.

அயோத்தியாப்பட்டணம்: பிடுங்கினால் போதாதா?

போதாது. காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

ஓமலூர்: கொத்தான், அம்மையார் கூந்தல் இதெல்லாம் இதே வகையா?

இல்லை. அவை கொடிகள். ஒட்டுண்ணிகள்தான், ஆனால் பூங்கொத்தி தேய்த்து ஒட்டிவிட்டு வந்தவை அல்ல.

ஆத்தூர்: பறவைதான் காரணம் என்றால் உண்டிகோலை எடுத்தால் வேலை முடிந்தது.

நாகலூர் (காப்பித் தோட்டக்காரர்): அண்ணே, அதைச் செய்யாதீங்க. எங்கள் சில்வர் ஓக்கிலும் புல்லுருவி இருக்கு. அதுக்காகப் பறவையை அடிக்கிறதா?

ஆத்தூர்: உங்களுக்கு அது நிழல் மரம். எனக்கு மாங்காய்தான் வருமானம்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஆத்தூர்க்காரர் வருத்தம் நியாயம்தான், வழி தப்பு. முதலில், பறவையைக் கொல்வது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரண்டாவது, பூங்கொத்தி உங்கள் தோட்டத்துக்கு வருவதே பெரும்பாலும் அங்கே புல்லுருவி இருப்பதால்தான். இந்தச் செடியின் நீண்ட மொட்டைப் பறவை அலகால் அழுத்தினால் அது பட்டென்று வெடித்துத் திறக்கும், மகரந்தம் முகத்தில் படும். தேன்சிட்டும் பூவுக்கு வரும். பறவை ஆய்வாளர் சாலிம் அலி 1931-இலேயே கொங்கணத்தில் இந்தப் பறவைகளையும் இந்தச் செடியையும் பற்றி எழுதிவிட்டார். பூவுக்கும் அதுவே தரகர், பழத்துக்கும் அதுவே. பழம் இல்லாவிட்டால் பரப்ப விதை ஏது? உண்டிகோலை வைத்துவிட்டு அரிவாளை எடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் வெட்டினால் வேலி தாண்டி மறுபடி வந்துவிடும்.

ஆத்தூர்: பக்கத்துத் தோட்டக்காரர் என் பங்காளி. பேச்சுவார்த்தை கிடையாது.

அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கன்னங்குறிச்சி: மரத்தில் ஊசி போட்டு மருந்து ஏற்றலாம் என்கிறார்களே?

காய்க்கும் மரத்தில் கண்ட ரசாயனத்தையும் ஏற்றாதீர்கள். தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேளுங்கள்.

ஏற்காடு: மரத்தில் ஒட்டியிருக்கும் ஆர்க்கிட்டையும் வெட்டவா?

ஐயோ, வேண்டாம்! அது மரத்தில் உட்காரும், உறிஞ்சாது. தேசிய ஆர்க்கிட் பூங்கா உங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

வரகம்பாடி: வேலியோரம் சந்தனக் கன்று தானாக முளைத்திருக்கிறது. அதுவும் பறவை போட்டதா?

பெரும்பாலும் ஆமாம், குயில் மாதிரிப் பழம் தின்னும் பறவைகள் போட்டதாக இருக்கும். சந்தனமும் பாதி ஒட்டுண்ணிதான். கிளையில் ஒட்டாது, மண்ணுக்கடியில் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சுற்றியுள்ள செடிகளை ஒட்டச் சுரண்டிவிடாதீர்கள். வெட்டுவது, விற்பது எல்லாம் வனத்துறையிடம் கேட்ட பிறகுதான்.

தம்மம்பட்டி: ஐயா, பிடுங்கினால்...

அரிவாள், ஒரு அடி, கிளையோடு.