கரி படியாத சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நடுவில் எஞ்சின் அமைந்த, இரண்டே இருக்கைகள் கொண்ட, 2010-ஆம் ஆண்டு மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் நானே கழுவுகிறேன். அடுத்த ஞாயிறு வருவதற்குள் வலது முன்சக்கரம் கரி அப்பியதுபோல் கறுத்துவிடுகிறது. இடது முன்சக்கரமோ கழுவிவைத்தபடியே இருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவில் மங்குகின்றன. நான்குவழிச் சாலையில் வேகமாகப் போகும்போது பிரேக்கை அழுத்தினால் வண்டி சற்றே வலப்பக்கம் இழுக்கிறது. வலது பிரேக் பேடு மட்டமான சரக்கு, அதை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். பிரேக் சமநிலையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தச் சொல்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். நண்பர் சொல்லும் வால்வு, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் பொருள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அதனால் தொடவே முடியாது. மெக்கானிக் சொல்வதுபோல் ஒரு பக்கத்துப் பேடை மட்டும் மாற்றினால், ஒரே அச்சில் இரண்டு விதமான உராய்வு அமைந்து, இன்று சற்றே இழுக்கும் வண்டி நாளை பலமாக இழுக்கக்கூடும். பேடுகளை எப்போதும் ஓர் அச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிரேக் தூள் என்பது, சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்கின் தேய்மானமும், அதை நெருக்கிப் பிடிக்கும் உராய்வுக் கட்டையான பேடின் தேய்மானமும் கலந்தது. எந்தச் சக்கரம் உழைக்கிறதோ அதில் அது படிகிறது. ஆகவே கறுத்த சக்கரத்தைக் கண்டு எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கோ உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் வெளுப்பாக இருக்கும் இடது முன்சக்கரத்தின் மீதுதான் ஐயம் எழுந்தது. அழுத்தும்போது வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்ற உங்கள் குறிப்பும் அதற்கு ஒத்துப்போகிறது. இடப்பக்கம் தன் பங்கைச் செய்யாததால், அதன் வேலையையும் சேர்த்து வலப்பக்கம் சுமக்கிறது என்பதே என் முதல் கணிப்பு.

இதற்கு நேர்மாறான காரணமும் உண்டு. வலது பேடு டிஸ்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்தாலும் அந்தச் சக்கரம் கறுக்கும். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. காலையில் போக்குவரத்து இல்லாத நேரத்தில், பிரேக்கை இயன்றவரை தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். துப்பாக்கி வடிவிலான அகச்சிவப்பு வெப்பமானியால் இரு முன்டிஸ்குகளின் சூட்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிரேக்கே பிடிக்காதபோதும் வலப்பக்கம் சூடாக இருந்தால், அது உரசுகிறது. அடுத்ததாக, மிதமான வேகத்திலிருந்து பலமுறை பிரேக் பிடித்துவிட்டு மீண்டும் அளவெடுங்கள். இப்போது இடப்பக்கம் மட்டும் சூடேறாமல் இருந்தால், அது வேலை செய்யவில்லை. பளபளப்பான டிஸ்க் பரப்பில் இந்தக் கருவி உண்மைச் சூட்டைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், இரு பக்கமும் ஒரே இடத்தில், டிஸ்கின் நடுவே பேடு படாமல் மங்கலாக இருக்கும் கிண்ணப் பகுதியில் அளந்து, தனித்தனி அளவுகளை அல்லாமல் அவற்றின் வேறுபாட்டைப் பாருங்கள். கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மலைச்சாலையில் இறங்கி வந்த டிஸ்க் 200 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும்.

இடப்பக்கம் வேலை செய்யவில்லை என்று உறுதியானால், பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பேடுகளை டிஸ்கின் மீது அழுத்தும் பிஸ்டன்களைத் தாங்கும் கூடுதான் காலிப்பர். உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் இருபுறமும் பிஸ்டன்கள் எதிரெதிராக அமைந்த, அசையாத காலிப்பர் இருக்கும். வண்டி நீண்ட நாள் ஓடாமல் நின்றிருந்தால், அதிலும் உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊரில் நின்றிருந்தால், பிஸ்டன்களில் ஒன்றிரண்டு துருவேறி இறுகிக்கொள்வது வழக்கம். பேடுகளைக் கழற்றி, உள்பேடு, வெளிப்பேடு இரண்டின் கனத்தையும் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரு முனை கூடுதலாகத் தேய்ந்து பேடு ஆப்புப்போலச் சாய்ந்திருந்தால், மறுமுனையிலுள்ள பிஸ்டன் நகரவில்லை என்று பொருள். பேடுகள் இருந்த இடத்தில் மெல்லிய மரக்கட்டையை வைத்து, உதவிக்கு ஒருவரை விட்டு பெடலை மிக மெதுவாக அழுத்தச் சொன்னால், எந்தப் பிஸ்டன் வருகிறது, எது வரவில்லை என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

அடுத்தது, காலிப்பருக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத் தோன்றும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, வழி அடைபட்டுப் போவதுண்டு. இதன் குணம் தனியானது: பெடலை அழுத்தியவுடன் இடப்பக்கம் அழுத்தம் தாமதமாகப் போய்ச் சேர்வதால் வண்டி வலப்பக்கம் இழுக்கும், காலை எடுத்த பிறகு, மீன்கூட்டுக்குள் புகுந்த மீனைப்போல அந்த அழுத்தம் திரும்ப வழியின்றி நின்றுவிடுவதால், சிறிது நேரம் இடப்பக்கம் இழுக்கும். உங்கள் வண்டியில் இந்த இரட்டை இழுப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள். ஜாக்கியில் ஏற்றி, பெடலை அழுத்திக் காலை எடுத்த பின் சக்கரம் கையால் சுற்ற மறுத்தால், காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்றும் பிளீடிங் திருகைச் சற்றே திறந்து பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் குற்றம் ஹோஸிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது, அப்போதும் விடுபடாவிட்டால் பிஸ்டனே இறுகியிருக்கிறது.

நம் பக்கத்துப் பணிமனைகளில் பிரேக் பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மற்ற இரும்புச் சாமான்களுக்குச் சரியான அந்த முறை, பிரேக்குக்கு நஞ்சு. காலிப்பருக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துப் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதே எண்ணெய் பேடில் ஊறினால் உராய்வு போய்விடும், உராய்வு போன பேடில் தூளும் வராது. உங்கள் இடது சக்கரம் வெளுத்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கவும் வாய்ப்புண்டு. எண்ணெய் ஊறிய பேடைச் சுட்டும் தேய்த்தும் மீட்க முயலாமல், இரு பக்கமும் புதியது போடுங்கள். பழுது பார்ப்பவரிடம், பிரேக் கிளீனர் அல்லது புதிய பிரேக் ஆயில் தவிர வேறெதுவும் காலிப்பருக்குள் போகக்கூடாது என்று நின்று சொல்லுங்கள். தூளைக் காற்றடித்து ஊதவும் விடாதீர்கள். அது நுரையீரலுக்குத் தீங்கு, ஈரத்துணியால் துடைப்பதே முறை.

வேலை முடிந்தபின், ரோலர் பிரேக் சோதனைக் கருவி உள்ள இடத்தில் ஒருமுறை அளவெடுத்துக்கொண்டால் மனம் அமைதியாக இருக்கும். இடம், வலம் இரண்டின் விசை வேறுபாட்டைப் பெரிய விசையால் வகுத்துச் சதவீதம் காண்பார்கள். ஐரோப்பியத் தகுதிச் சோதனைகளில் ஓர் அச்சில் இது 30 சதவீதத்தைத் தாண்டினால் பெருங்குறை. ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த எல்லைவரை விட்டுவைப்பது எனக்குச் சம்மதமில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் அதில் பாதி வேறுபாடே ஸ்டியரிங்கில் தெரியும்.

கேள்வி: என் காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் எப்போதும் செம்பழுப்பாக இருக்கின்றன, வலப்பக்கம் அவ்வளவு இல்லை. இதுவும் பிரேக் கோளாறா?
– வாசகர், திசையன்விளை

பதில்: உங்கள் ஊர்ப்பெயரே பாதி விடையைச் சொல்கிறது. தேரிக்காட்டுச் செம்மண் சாலையோரத்தில் பரவிக் கிடக்கிறது. நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறோம், எதிரே வண்டி வந்தால் இடதுசக்கரங்கள் மண்ணில் இறங்குகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. ஒரு சிட்டிகையை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்: மண் நறநறவென்று உறுத்தும், பிரேக் தூள் மைபோல வழுவழுப்பாக விரல்ரேகையில் இறங்கிவிடும். காந்தத்தில் ஒட்டினால் பிரேக் தூள் என்று சிலர் சொல்வதை உங்கள் பகுதியில் நம்ப வேண்டாம். அங்குள்ள மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதால் வலுவான காந்தத்தில் மணலும் ஒட்டும். கழுவிய மறுநாள் காலை டிஸ்கில் தெரியும் மெல்லிய துரு, முதல் சில பிரேக்கில் போய்விடும். அதற்கும் அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: முன்சக்கரங்களுக்குத் தூள் குறைவாக வரும் செராமிக் பேடு போட்டேன், பின்னே பழைய பேடுகளே இருக்கின்றன. இப்போது பின்சக்கரங்கள்தாம் அதிகம் கறுக்கின்றன. செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைச்சாலையில் அடிக்கடி போய்வருகிறேன். என் வண்டியும் நடு எஞ்சின் வகைதான். பிரேக் சமநிலை மாறிவிட்டதா?
– வாசகர், தென்காசி

பதில்: மாறியிருக்கலாம். ஆனால் தூளை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது, ஏனெனில் வெவ்வேறு கலவையிலான பேடுகள் ஒரே அளவு வேலைக்கு வெவ்வேறு அளவு தூளை விடும். செராமிக் தூள் நிறத்திலும் வெளிறியது. ஒரே கலவை உள்ள இடது, வலது சக்கரங்களை ஒப்பிடுவதே நியாயமான ஒப்பீடு.

முதலில் இயல்பு எது என்பதைப் பார்ப்போம். 1,400 கிலோ எடையில் 46 சதவீதம் முன்னும் 54 சதவீதம் பின்னும் தாங்கும் ஒரு நடு எஞ்சின் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்புமையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.4 மீட்டர் என்று வைப்போம். மென்மையாக, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தால் சுமார் 58 கிலோ எடை முன்னே நகர்ந்து, முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி ஆகிறது. ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு அழுத்திப் பிடித்தால் 233 கிலோ நகர்ந்து, முன்னே 63 சதவீதம், பின்னே 37 சதவீதம் என்றாகிறது. முன்னே எஞ்சின் உள்ள சாதாரணக் கார்களோடு ஒப்பிட, உங்கள் வண்டியின் பின்பிரேக்குகள் பெரியவை, கூடுதலாக உழைப்பவை. பின்சக்கரம் கறுப்பது தன்னளவில் நோயன்று. வழுக்கலைத் தடுக்கும் மின்னணு அமைப்பும், சாரல் நனைத்த வளைவுகளில் பின்சக்கரத்தைத் தானாகவே பிடித்து விடுவதுண்டு.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறியீட்டின் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது குளிர்ந்த நிலையின் உராய்வு, இரண்டாவது சூடேறிய நிலையின் உராய்வு. ‘இ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முன்னே ‘இ’யும் பின்னே ‘எஃப்’பும் அமைந்திருந்தால், அதே வேகக்குறைப்புக்கு நீங்கள் பெடலைக் கூடுதலாக அழுத்துவீர்கள், அந்தக் கூடுதல் அழுத்தம் பின்னுக்கும் போய், பின்சக்கரங்கள் தங்கள் பங்குக்கு மேல் உழைக்கும். நேர்ச்சாலையில் மின்னணு அமைப்பு இதைச் சமாளித்துவிடும். ஆனால் நிற்கும் தூரம் நீளும். ஆரியங்காவுப் பாதையின் ஈரமான இறக்க வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தை முந்திக்கொண்டு சுழலாமல் பூட்டிக்கொள்வது, நடு எஞ்சின் காரில் நான் எவருக்கும் விரும்பாத நிலை.

ஆகவே நான்கு சக்கரங்களுக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைப் பேடுகளைப் போடுங்கள். தூள் குறைய வேண்டுமானால் நான்கிலும் செராமிக், இல்லையேல் நான்கிலும் பழைய வகை. புதுப்பேடு போட்டவுடன், ஆளற்ற சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்கு, முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை உறுதியாகக் குறைத்து, பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டாண்டு ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, நீர் ஏறியபின் 155 வரை இறங்கலாம் என்பதே அதன் தரநிர்ணயம். உங்கள் காரில் ஹேண்ட் பிரேக்குக்குப் பின்டிஸ்கின் கிண்ணத்துக்குள் சிறிய டிரம் இருந்தால் அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதனுள் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் உரசினால் சூடு மட்டும் ஏறும், தூள் உள்ளேயே தங்கிவிடுவதால் சக்கரத்தில் ஒன்றும் தெரியாது. இவை முடிந்தபின் நான்கு சக்கரங்களையும் ஒரே நாளில் கழுவி, வழக்கமான பாதையிலேயே ஓட்டி, பேடுகளின் கனத்தை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள்.