தூக்குக் கயிற்றோடு மல்லுக்கட்டிய சிட்னி சில்வர்மன்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: மந்திரியாகவே இல்லாத ஒருவர் பிரிட்டனில் கொலைக்கான மரண தண்டனையை ஒழித்தார் என்கிறீர்களே, யார் அவர்?

சிட்னி சில்வர்மன். லிவர்பூலில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த வக்கீல், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறைக்குப் போனவர். 1935 முதல் 1968இல் சாகும்வரை நெல்சன் அண்ட் கோல்ன் தொகுதியின் லேபர் (தொழிற்கட்சி) நாடாளுமன்ற உறுப்பினர். ஆள் ரொம்பக் குள்ளம், அவையில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாதாம். வாய் மட்டும் ஓயாது.

கேள்வி: ஒரே மசோதாவில் முடிந்த வேலையா?

எங்கே! 1948இல் குற்றவியல் நீதி மசோதாவில், ஐந்து வருஷத்துக்குத் தூக்கை நிறுத்திவைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். சொந்தக் கட்சி அரசே வேண்டாம் என்றும் 245க்கு 222 என்று மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் ஜெயித்தது, மேலவையான பிரபுக்கள் சபை 181க்கு 28 என்று தூக்கி எறிந்தது. 1956இல் தனி மசோதா, அதையும் காமன்ஸ் ஏற்க, பிரபுக்கள் 238க்கு 95 என்று கவிழ்த்தார்கள்.

கேள்வி: பென்ட்லி வழக்கில் இவர் என்ன செய்தார்?

1953 ஜனவரி. போலீஸ்காரரைச் சுட்டவனுக்கு வயது 16, அதனால் அவனுக்குத் தூக்கு கிடையாது. கூடப் போய், சுடுவதற்கு முன்பே பிடிபட்டிருந்த 19 வயது டெரக் பென்ட்லிக்குத் தூக்கு. சில்வர்மன் கருணை கேட்டுத் தீர்மானம் எழுதி, சுமார் 200 உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். சபாநாயகர் அனுமதிக்கவில்லை: தண்டனை நிறைவேறுமுன் அவையில் பேசக்கூடாது, நிறைவேறிய பிறகு பேசலாம், அதுதான் மரபாம். ஆள் செத்த பிறகு பேசி யாருக்கு என்ன பயன் என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் அந்த மரபுதான் நின்றது, 28ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய 1998 ஆயிற்று.

கேள்வி: அப்புறம் 1965இல் மட்டும் எப்படி நடந்தது?

மந்திரி அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு எதிரியை விடப் பெரிய வில்லன் நேரம்தான், அரசு நேரம் ஒதுக்காவிட்டால் அது கிடப்பிலேயே செத்துப்போகும். 1964இல் வந்த பிரதமர் வில்சனின் லேபர் அரசு நேரம் தருவதாக, அரசின் திட்டங்களைச் சொல்லும் அரசியார் உரையிலேயே சொல்லிவிட்டது, கட்சிக் கொறடாவும் குறுக்கே வரவில்லை. டிசம்பர் 21ஆம் தேதி இரண்டாம் வாசிப்பில் 355க்கு 170. இந்தத் தடவை பிரபுக்களும் விட்டுக்கொடுத்தார்கள், 1965 நவம்பரில் சட்டமாயிற்று. ஆனால் ஐந்து வருஷத்துக்கு மட்டும்தான். அதை நிரந்தரமாக்கியது 1969 டிசம்பரில், அதைப் பார்க்க அவர் இல்லை.

கேள்வி: கட்சி இவரை மதித்ததா?

ஜெர்மனிக்கு மறுபடி ஆயுதம் தரக்கூடாது என்று எதிர்த்ததற்காக 1954இல் அவரைக் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து விலக்கிவைத்தார்கள், 1961இலும் அதே கதை, இரண்டு தடவையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இவர் இல்லாவிட்டால் தலைமைக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: ஓட்டுப் போட்டவர்கள் கோபப்படவில்லையா?

சிலர் பட்டார்கள். 1966 தேர்தலில் தூக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒரு சுயேச்சை அவரை எதிர்த்து நின்று 5,000க்கு மேல் ஓட்டு வாங்கினார். சில்வர்மன்தான் ஜெயித்தார்.