புகார் கொடுத்தால் கணினியும் போய்விடுமா?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித்தரும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். சென்ற வாரம் ஒரு நாள் காலை டேலியைத் திறந்தால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பிட்காயினில் பணம் கேட்டு ஓர் அறிவிப்புதான் திரையில் நின்றது. போலீசுக்குப் போனால் சர்வரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், விஷயம் வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள் என்று அண்ணன் தடுக்கிறார். அண்மையில் வேலையை விட்டு நின்ற பையன் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. புகார் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் அண்ணனின் பயம் வீண்பயம் அல்ல. அச்சகம் நடத்திய என் நண்பர் ஒருவர் தம் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டதாகப் புகார் கொடுத்தபோது, வேறு பிரதி எதுவும் எடுத்து வைக்காமல், இருந்த ஒரே கணினியைச் சாட்சிப் பொருளாக ஒப்படைத்துவிட்டார். பல மாதங்கள் கழித்து அவருடன் நீதிமன்றத்துக்குச் சென்றபோது அதைப் பார்த்தேன்: வெள்ளைத் துணியில் பொதிந்து தைத்து, அரக்கு முத்திரை வைத்து, வழக்கு எண் எழுதிய ஒரு மூட்டையாக அலமாரிக்கு அடியில் கிடந்தது. அந்த ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் அத்தனையையும் அவர் அடுத்த தெரு அச்சகத்தில் கூலி கொடுத்து அடித்து வாங்கினார். காவலர்கள் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள். வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே புகாருக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சர்வரை வலையிலிருந்து துண்டியுங்கள். யார் சொன்னாலும் பார்மட் செய்யாதீர்கள். தெரிந்த தொழில்நுட்பர் ஒருவரை அழைத்து, வன்தட்டு முழுவதையும் அப்படியே இரண்டு பிரதிகள் எடுக்கச் சொல்லி, அவற்றின் ஹாஷ் எண்ணையும் (உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறித்து வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துடன் தரவேண்டிய சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்கிறது. மூலத்தட்டைக் கழற்றி உறையிலிட்டு, தேதி எழுதி, இருவர் கையெழுத்திட்டு வையுங்கள். புதிய தட்டில் அலுவலகம் ஓடட்டும். காவலர் வரும்போது அந்த உறையைக் கொடுத்து, கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எதைக் கைப்பற்றுவது என்பது விசாரணை அதிகாரியின் முடிவுதான் என்றாலும், வேண்டியது தயாராகக் கையில் கிடைக்கும்போது சர்வர் பெட்டியைத் தூக்கிச்செல்லும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அப்படியே எடுத்துச்சென்றாலும், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497, 503ஆம் பிரிவுகளின்படி நீதிமன்றத்தில் மனுச் செய்து திரும்பக் கேட்கலாம்; கைப்பற்றிய பொருட்களைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே கூறியிருக்கிறது.

இன்னோர் ஆபத்தை உங்கள் கடிதம் சொல்லவில்லை. ஆனால் சிறிய அலுவலகங்கள் பல காவல் நிலையப் படியேறத் தயங்குவதற்கு உண்மையான காரணம் அதுதான் என்பது என் எண்ணம். உங்கள் விண்டோஸும் டேலியும் உரிமம் பெற்றவையா? திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது, பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வருகிற அதிகாரி உரிமம் தேடி வருபவர் அல்லர். ஆனால் வன்தட்டு தடயவியல் ஆய்வகத்துக்குப் போனால், அதிலுள்ள அனைத்தும் அங்கே பார்வைக்கு வரும். உங்கள் வாடிக்கையாளர்களின் வரவுசெலவுகளும் அதில்தானே இருக்கின்றன? எனவே முதலில் ஒரு வழக்கறிஞரிடம் எதையும் மறைக்காமல் பேசுங்கள். பயந்துபோய் எதையாவது அழித்துவிடாதீர்கள். அழித்ததற்கும் தடம் இருக்கும், பிறகு அதற்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

சொல்லாமல் இருந்துவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதை உங்கள் அண்ணன் அறிந்திருக்க மாட்டார். கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, இத்தகைய ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினியில் நடந்தவற்றைத் தானாகக் குறித்துவைக்கும் பதிவேடுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இது காவல்துறைப் புகார் அன்று. இதற்காக யாரும் உங்கள் சர்வரைக் கேட்டு வருவதில்லை. கடிதம் என் கைக்கு வருவதற்குள்ளாகவே அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஆனாலும் தாமதத்துக்கான காரணத்தையும் எழுதி இன்றே அனுப்பிவிடுங்கள். பணத்தைக் கொடுத்துச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஊபர் நிறுவனத்தில் 2016இல் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோனபோது, திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, பிழை கண்டுபிடித்ததற்கான வெகுமதி என்று கணக்குக் காட்டினார்கள். அதை மறைத்த பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவனை 2022இல் அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளியென்று தீர்த்தது.

வாடிக்கையாளர்களைப் பற்றிய கவலைக்குக் கும்பகோணத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2018 பிப்ரவரியில் அந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பு (வங்கிகள் வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் செய்தித் தொடர்பு) வழியாகச் சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்கு அனுப்பும் முயற்சி நடந்தது. வங்கி உடனே தொடர்பு வங்கிகளுக்குச் சொன்னதால், துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் தடுத்து நிறுத்தப்பட்டது. நடந்ததை வங்கியே வெளியில் அறிவித்தது. இன்றும் அந்த வங்கி நல்லபடியாக இயங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வியாபாரிகளிடமும் நீங்களே தொலைபேசியில் பேசிவிடுங்கள். அடுத்த கடைக்காரர் வாயிலாகக் கேள்விப்படும்போது வரும் கோபம் வேறு மாதிரியானது.

இந்த ஏற்பாடுகள் முடிந்ததும் புகார் கொடுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்வது நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும். புகார் வந்துசேர்ந்ததற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். பதியக் கேளுங்கள்.

வேலையை விட்டு நின்ற அந்தப் பையனின் பெயரைக் குற்றவாளி என்று புகாரில் எழுதாதீர்கள். எஃப்.ஐ.ஆர். பொதுவாக இணையத்தில் ஏற்றப்படும். உங்கள் ஊகம் பொய்த்தால், அந்தப் பெயர் அவனுக்கு அடுத்த வேலை கிடைக்கவிடாமல் செய்யும், உங்கள் மீதும் அவதூறு வழக்கு வரலாம். அவன் நின்ற தேதி, அவனிடம் இருந்த கடவுச்சொற்கள், அவற்றை நீங்கள் மாற்றினீர்களா இல்லையா என்ற மூன்றையும் உள்ளபடி எழுதிக் கொடுங்கள்.