முதியோர் இல்லத்தில் கொடுத்த கேள்வித்தாள் திரும்பி வராவிட்டால்

உங்கள் ஆய்வுக்காக முதியோர் இல்லத்தில் கொடுத்த கேள்வித்தாளை, மேலாளர் சரி சொல்லியும் பணியாளர்கள் நிரப்பித் திருப்பித் தரவில்லை என்கிறீர்கள். நினைவூட்டல் அனுப்புவதை நிறுத்திவிட்டு, அவர்களோடும் அங்கே வசிப்பவர்களோடும் உட்கார்ந்து கேள்விகளையே திருத்துங்கள்.

பெரும்பாலும் காரணம் நேரம்தான். குளிப்பாட்டி, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து, சாப்பாடு ஊட்டி முடிப்பதற்குள் ஷிப்ட் மாறிவிடும், அதற்கு நடுவே இத்தனை பக்கங்களை யார் நிரப்புவார்கள்? குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறீர்களோ என்ற பயமும் இருக்கலாம், அது நியாயமானதுதான்.

கொஞ்சம் ஓய்வான வேளையில் போய், ஒரு பணியாளரை முதல் பக்கத்தை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே தயங்குகிறாரோ அந்தக் கேள்வியை அவர் வார்த்தையிலேயே மாற்றி எழுதுங்கள்.

அப்புறம், மேலாளரின் கையெழுத்து அங்கே வசிப்பவரின் சம்மதம் ஆகாது. மறதிநோய் உள்ளவர் நேற்று சரி சொல்லியிருந்தாலும் இன்றைக்குத் திரும்பக் கேளுங்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டாலே நிறுத்திவிடுங்கள்.