தைப்பூசத்துக்குள் கால் சரியாகிவிடுமா, அக்கா?

(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: அக்கா, நான் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கிறேன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் முடித்திருக்கிறேன். அக்டோபரில் கால்பந்து ஆடும்போது வலது முழங்காலில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது, ஸ்கேன் பார்த்து ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கிற ஒரு தசைநார்) கிழிந்துவிட்டது என்றார்கள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டே பரீட்சை எழுதி முடித்தேன். டிசம்பர் முதல் வாரம் ஆபரேஷன், தொடைக்குப் பின்னாலிருந்து தசைநார் எடுத்து வைத்தார்கள். இப்போது மூன்றாவது வாரம். விடுமுறையில் ஒரு சர்க்கரை ஆலையில் வேக் வொர்க் (விடுமுறைக் காலப் பயிற்சி வேலை) கிடைத்திருந்தது, அதுவும் போச்சு. நல்லபடியாக முடிந்தால் தைப்பூசத்துக்குக் காவடி என்று அம்மா வேண்டிக்கொண்டுவிட்டார்கள், எடுக்கப்போவது நான். எப்போது கார் ஓட்டலாம், எப்போது ஓடலாம், காவடி எடுக்கலாமா, பிப்ரவரியில் கிளாஸுக்குப் போகவா இல்லை ஒரு செமஸ்டர் தள்ளிப்போடவா? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நான் காவடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உன் கணக்கு முழுக்க அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. வேண்டாம். இந்தத் தைப்பூசத்துக்கு வேண்டாம்.

வலிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்போது உனக்கு வலியே இருக்காது, பிரச்சினையே அங்கேதான். உன் முழங்காலுக்குள் இருக்கிற புதுத் தசைநார் அங்கேயே வளர்ந்தது இல்லை, எலும்பில் துளை போட்டு இழுத்து மாட்டியது. ஆரம்பத்தில் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. பழைய செல்கள் செத்து, புது ரத்தக்குழாய்கள் உள்ளே புகுந்து, புது நார் உண்டாகிற வேலை மாதக்கணக்கில் நடக்கும். அந்த வேலை நடுவில் இருக்கும்போது, அதாவது சுமாராக ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, ஆபரேஷன் அன்று இருந்த பலம்கூட அதற்கு இருக்காது. ஆனால் அதே நேரத்தில்தான் வீக்கம் வற்றியிருக்கும், ஊன்றுகோலை மூலையில் சாத்தியிருப்பாய், நடை நன்றாக இருக்கும், ‘நான் சரியாயிட்டேன்’ என்று தோன்றும். தைப்பூசம் வரும்போது உன் காலுக்கு எட்டோ ஒன்பதோ வாரம். வெறுங்கால், ஈரத்தரை, தோளில் பாரம், காதில் மேளம், அப்புறம் அருள் வந்து ஆடிவிட்டால் கால் எந்தப் பக்கம் திருகும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது?

முப்பது வருஷம் பிசியோதெரபியில் இருந்தவள் நான். ஒரு பையன், உன் வயசுதான், பத்தாவது வாரம் தங்கை கல்யாணத்தில் இரண்டு பாட்டுக்கு ஆடினான். விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, சும்மா திரும்பினான், அவ்வளவுதான். மறுபடி ஆபரேஷன், மறுபடி முதல் நாளிலிருந்து. அவன் அம்மாவைவிட நான்தான் அதிகமாகத் திட்டினேன்.

நேர்த்திக்கடன் எங்கும் ஓடிப்போகாது. கோயில் ஐயரிடம் போய்ச் சொன்னால் அவரே தள்ளிவைக்கச் சொல்வார், நம் ஊரில் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அடுத்த தைப்பூசம் வரை பொறுத்துவிடு, அப்போது உன் காலுக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். இந்த வருஷம் காவடிக்கு மரிகோல்டு பூ கட்ட உட்கார். முதல் நாள் ராத்திரி காலை நீட்டி ஸ்டூலில் போட்டுக்கொண்டு ஊசியும் நூலுமாக மூன்று மணி நேரம் கட்டினால் அதுவும் சேவைதான், விரல் மஞ்சளாகிப் போகும்.

சரி, இப்போதைய வேலைக்கு வருவோம். மூன்றாவது வாரத்தில் எல்லாரும் ‘எவ்வளவு மடங்குது’ என்றுதான் கேட்பார்கள். நான் கேட்பது எவ்வளவு நீள்கிறது என்று. படுக்கையில் காலை நீட்டி வைத்து முழங்காலுக்கு அடியில் கையை விட்டுப் பார், பிறகு இடது காலிலும் அதேபோல் பார். இடது பக்கம் நுழையாத விரல் வலது பக்கம் நுழைந்தால் உன் கால் இன்னும் முழுசாக நீளவில்லை என்று அர்த்தம். மடங்குவது பின்னால் வந்து சேரும். நீட்டுவதை முதல் சில வாரத்தில் விட்டுவிட்டால் உள்ளே தழும்பு இறுகி அப்புறம் நொண்டல் நிரந்தரமாகிவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், பாசத்தில் ஆயாவோ அம்மாவோ கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்துவிடு. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை, முழங்கால் அந்தரத்தில் தொங்கட்டும், பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. இழுக்கும், எரிச்சல் வரும், டி.வி. பார்த்துக்கொண்டே செய்.

அப்புறம் தொடை. ஒரு டேப் எடுத்து, முழங்கால் சில்லுக்கு மேலே பத்து சென்டிமீட்டரில் இரண்டு தொடையையும் அள. வலது தொடை எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறது என்று பார்த்து பயந்துவிடாதே, எல்லாருக்கும் அப்படித்தான். முழங்காலைப் படுக்கையோடு அழுத்தி, முன்தொடை இறுகுவதைக் கண்ணால் பார்த்து ஐந்து எண்ணி விடு. அது நன்றாக வந்த பிறகு, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கு. மடங்கிக்கொண்டே தூக்கினால் இன்னும் தயாரில்லை. இன்னொன்று: தசைநார் எடுத்த இடம் தொடையின் பின்பக்கம், அங்கேயும் புண்தான். ஒரு குதிகாலை இன்னொரு காலால் மிதித்து ஷூவைக் கழற்றுவோம் பார், அந்த வேலையை இப்போது செய்யாதே, பின்தொடையில் ‘சுளீர்’ என்று பிடுங்கிவிடும்.

கார்: வலது முழங்கால், பிரேக் மிதிக்கிற கால். சும்மா மிதிப்பது பெரிதில்லை, பரபரப்பான ஒரு சாலையில் டாக்சிக்காரன் திடீரென்று முன்னால் நிறுத்தினால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். பொதுவாக ஆறு வாரத்தை ஒட்டித்தான் டாக்டர்கள் சரி என்பார்கள். அவர் வாயால் சொல்லும் வரை சாவியைத் தொடாதே, இன்சூரன்ஸ்காரன் இதையெல்லாம் கேட்பான்.

ஓட்டம்: மூன்று நாலு மாதத்துக்கு மேல், அதுவும் பலத்தைச் சோதித்துப் பார்த்த பிறகு. பந்து ஆட்டம் ஒன்பது மாதத்துக்கு முன்னால் கிடையாது. 2016-இல் வெளியான டெலாவேர்–ஓஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரை திரும்பிப் போவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. மாதத்தோடு, வலது தொடையின் பலம் இடது தொடையில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஆக, செப்டம்பர். இப்போதே கேப்டனுக்குச் சொல்லிவிடு, அவன் வேறு ஆள் பார்க்கட்டும்.

கிளாஸைத் தள்ளிப்போடாதே. பிப்ரவரியில் நீ நடப்பாய். ஒரு செமஸ்டரை வீட்டில் உட்கார்ந்து தொலைத்தால் கால் குணமாவதற்குள் மனசு நோய்வாய்ப்படும். ஆனால் நம் ஊர்க் கேம்பஸ்கள் மேடும் படியுமாக இருப்பது உனக்கே தெரியும். ஜனவரியில் ஒரு நாள், கூட்டம் இல்லாதபோது, யாரையாவது கூட்டிக்கொண்டு போய் உன் டைம்டேபிள்படி நடந்து பார்: டாக்சி இறங்கும் இடத்திலிருந்து முதல் கிளாஸுக்கு எத்தனை படி, லிஃப்ட் எங்கே, அது ஓடுகிறதா. பெரும்பாலான யுனிவர்சிட்டிகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகம் ஒன்று இருக்கும். அது சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் பிள்ளைகள் போவதே இல்லை. சில மாதத்துக்கு மட்டும் என்றாலும் டாக்டர் கடிதத்தோடு போய்க் கேள். ஒர்க் ஷாப்பில் மூன்று மணி நேரம் நிற்க முடியாது, ஸ்டூல் வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்.

வேக் வொர்க் போனதற்கு அழாதே. ஏணியும் எண்ணெய்த் தரையும் இருக்கிற இடத்தில் உன்னை விடவும் மாட்டார்கள். இன்றைக்கே அந்த ஆலைக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டு, ஜூலை விடுமுறைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேள். சொல்லப்போனால் உனக்கு அதுதான் லாபம். கரும்பு அரைப்பு ஏப்ரலில் தொடங்கி டிசம்பரோடு முடிகிறது, இப்போது போனால் பிரித்துப்போட்ட மெஷினைத்தான் பார்ப்பாய், ஜூலையில் ஆலை முழுசாக ஓடும். (நம் கொள்ளுத்தாத்தாக்கள் வெட்டிய கரும்பு, அதை அரைக்கிற இடத்தை நீ எஞ்சினியராகப் போய்ப் பார்க்கிறாய் என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) டிபார்ட்மென்டிலும் எழுதிக் கேட்டுவிடு, எந்தத் தேதிக்குள் முடித்தால் போதும் என்று.

ஒரு காசு விஷயமும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால், அதன் வருஷக் கணக்கு ஜனவரியில் புதிதாகத் தொடங்கும். பிசியோதெரபிக்கு எத்தனை தடவை தருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் ஜனவரி, பிப்ரவரியிலேயே தீர்த்துவிடாமல் நாலாம் மாதத்துக்கும் ஏழாம் மாதத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வை. ஓட ஆரம்பிக்கும்போதுதான் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

கேள்வி: இந்தப் பையனுடைய அம்மா நான். அவனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முட்டை, மீன், கத்தரிக்காய் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று மாமியார் சொல்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்க்கவும் சொல்கிறார்.

பதில்: அம்மா, முட்டையும் மீனும் தாராளமாகக் கொடுங்கள், இளைத்த தசை வளர அதுதான் வேண்டும். டிசம்பர் பிறந்ததும் ஷாட் மீன் பிடிக்க இருந்த தடையும் நீங்கிவிட்டது, யாராவது பிடித்துக் கொடுத்தால் குழம்பு வையுங்கள். சைவ நாட்களில் பருப்பும் சுகர் பீன்ஸ் கறியும். கோடீன் கலந்த வலி மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் வரும், பையன்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள், கீரையும் பப்பாளியும் தண்ணீரும் நிறையக் கொடுங்கள். கத்தரிக்காயில் எனக்கு ஒரு பயமும் இல்லை, மாமியாரோடு சண்டை வேண்டாம் என்றால் அதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுங்கள். ஹப்ளி (ஹூக்கா) இழுக்கிறானா என்று பாருங்கள். நிகோட்டின் உடம்புக்குள் போனால் புண் ஆறுவது தாமதமாகும், பழவாசனை போட்டாலும் அது நிகோட்டின்தான்.

எண்ணெய் மட்டும் வேண்டாம். குறிப்பாகக் கெண்டைக்காலை யாரும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சலோடு முழங்கால் சிவந்து புண்ணில் நீர் வடிந்தாலும் அப்படியே.

கேள்வி: எனக்கும் முழங்கால் ஆபரேஷன், வீடு மாடியில். ஊன்றுகோலோடு படியில் எந்தக் கால் முதலில்? – ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஏற நல்ல கால், இறங்க நோவுக் கால். ஏறும்போது நல்ல கால் மேல்படிக்குப் போகும், பிறகு நோவுக் காலும் கோலும். இறங்கும்போது கோலும் நோவுக் காலும் முதலில், நல்ல கால் கடைசியில். கைப்பிடி இருந்தால் ஒரு கையில் அதைப் பிடியுங்கள். மழைநாளில் டைல்ஸ் மேல் வைப்பதற்கு முன் கோலின் அடியில் இருக்கிற ரப்பரைத் திருப்பிப் பாருங்கள், கோடு தேய்ந்து வழவழவென்று இருந்தால் மருந்துக்கடையில் புதிது வாங்கி இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.