ரிவால்வரின் விசைக்குப் பின்னால் நடப்பது என்ன? கேள்வி பதில்

கேள்வி: 'டபுள் ஆக்‌ஷன்' என்றால் ஒரே இழுப்பில் இரண்டு முறை சுடும் என்று பொருளா?

பதில்: இல்லை. அது விசை (விரலால் இழுக்கும் டிரிக்கர்) செய்யும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. சிங்கிள் ஆக்‌ஷனில் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசை அதை விடுவிப்பதோடு சரி. டபுள் ஆக்‌ஷனில் சுத்தியலைப் பின்னுக்குக் கொண்டுபோவதும் விடுவிப்பதும் விசையே. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வர் முதல் வகையைச் சேர்ந்தது. லண்டனில் ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் கொண்டுவந்ததிலோ சுத்தியலைக் கையால் பிடித்து இழுக்க வழியே கிடையாது. எல்லாம் விசையின் பொறுப்பு. இவ்விரு வழிகளையும் ஒன்றில் சேர்த்தது, சில ஆண்டுகள் கழித்து வந்த போமான்ட்-ஆடம்ஸ் ரிவால்வர்.

கேள்வி: தோட்டாக்கள் இருக்கும் உருளை ஒவ்வொரு முறையும் ஓர் அறை மட்டும் நகர்ந்து, குழலுக்கு நேராக நிற்பது எப்படி, ஐயா?

பதில்: ரிவால்வரின் சாமர்த்தியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. உருளையின் பின்புறத்தில், அறைக்கு ஒன்றாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். உருளையின் வெளிப்புறத்தில், அதே எண்ணிக்கையில் சிறு குழிகள் இருக்கும். டபுள் ஆக்‌ஷனில் விசை நகரத் தொடங்கியதும், குழிக்குள் அமர்ந்திருந்த பூட்டு முதலில் கீழே இறங்கி உருளையை விடுவிக்கிறது. உடனே, விசையோடு இணைந்த ஒரு தள்ளுகோல் மேலெழுந்து ஒரு பல்லைத் தள்ள, ஆறு அறை கொண்ட உருளை 60 பாகை சுழல்கிறது. அதற்குள் பூட்டு, ஸ்பிரிங்கின் உந்துதலால் உருளையின் மேற்பரப்பில் உரசிக்கொண்டே வந்து, அடுத்த குழி வந்ததும் 'கிளிக்' என்று விழுந்துவிடும். உருளை இப்படி அசையாமல் நின்ற பிறகே சுத்தியல் விடுபட வேண்டும். தேய்மானத்தால் இந்த வரிசை பிசகினால், அறை குழலுக்குச் சற்று விலகி நிற்க, குண்டின் ஈயம் குழலின் விளிம்பில் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். பழைய ரிவால்வரைப் பரிசோதிப்பவர்கள் முதலில் இந்த ஒழுங்கைத்தான் பார்ப்பார்கள். வெளிப்பூச்சின் பளபளப்பில் மயங்குவது புதியவர்களின் வழக்கம்.

கேள்வி: சுத்தியலை முன்பே இழுத்து வைத்தால் விசை இலகுவாகிவிடுகிறதே, ஏன்?

பதில்: அப்போது முதன்மை ஸ்பிரிங்கை அழுத்துவதும் உருளையைச் சுழற்றுவதும் முடிந்துவிட்டன. விசையின் நுனி சுத்தியலின் காடியிலிருந்து நழுவ வேண்டியது மட்டுமே மிச்சம். விசையே எல்லாம் செய்யும் நீண்ட இழுப்புக்குச் சாதாரணமாக 4.5 முதல் 5.5 கிலோ விசையழுத்தம் தேவைப்படும். இதற்கோ பெரும்பாலும் 2 கிலோவுக்கும் குறைவு.

கேள்வி: கைதவறிக் கீழே விழுந்தால் வெடிக்குமா?

பதில்: 1873ஆம் ஆண்டின் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி போன்ற பழைய வடிவங்களில் அந்த ஆபத்து உண்மையானது. சுத்தியலின் ஊசிமுனை தோட்டாவின் மேலேயே தங்கியிருக்கும் என்பதால், ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்றறையைச் சுத்தியலுக்கு நேராக வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் 'டிரான்ஸ்ஃபர் பார்' என்னும் சிறு தகடு வந்தது. விசை முழுவதும் இழுக்கப்பட்டால்தான் அது மேலேறிச் சுத்தியலுக்கும், அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்ட ஊசிக்கும் இடையில் நின்று அடியைக் கடத்தும். விசையை விட்டதும் கீழே இறங்கிவிடும், சுத்தியலும் ஊசியைத் தொட முடியாது. ரூகர் நிறுவனம் 1973இல் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களுக்கும் இதைக் கொண்டுவந்தது.

கேள்வி: ரஷ்ய நாகான்ட் ரிவால்வரின் விசை மட்டும் ஏன் அவ்வளவு கடினம்?

பதில்: 1895ஆம் ஆண்டின் அந்த வடிவத்தில், உருளை சுழல்வதோடு நில்லாமல் முன்னோக்கி நகர்ந்து, வாயு கசியாதபடி குழலோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்பையும் சுடுபவரின் ஆள்காட்டி விரலே சுமக்கிறது.