நமக்கு எது சந்தோஷம் தருகிறது என்பதே மறந்துவிட்டால், அதை மறுபடி கண்டுபிடிப்பது எப்படி?

கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் நாற்பது தாண்டியிருக்கும். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசை என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள், கிடார் வாசியுங்கள் என்று இங்கே நிறைய பேர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் புதிதாக எதையும் தேடாதீர்கள். மார்க், சம்பளம், சான்றிதழ் எதற்கும் உதவாமல், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே சின்ன வயதில் எதைச் செய்தீர்களோ, அதைத் தோண்டி எடுங்கள்.

எனக்கு அது கேரம். ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன இருக்கும்? தலைக்கு மேலே பல்பு தொங்கும் கிளப்பில் பெரியவர்கள் ஆடுவதை வாசலில் நின்று பார்ப்போம். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991, 1995 இரண்டு முறையும் உலக சாம்பியன், 1996இல் அர்ஜுனா விருது. அவ்வளவு ஏன், சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் ஆரம்பிக்கப்பட்டதே சென்னையில்தான். கிரிக்கெட்டில் இப்படி இருந்திருந்தால் தெருவுக்குத் தெரு சிலை வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

வேலைக்குப் போனதும் எல்லாம் நின்றுபோனது. 2024இல் வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய செய்தியை பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என் கையையே பார்க்கிறார். என்ன என்று பார்த்தால் என் நடுவிரல் டிபன் பாக்ஸ் மூடியைச் சுண்டிக்கொண்டிருக்கிறது! அன்று இரவே லாஃப்டில் இருந்து போர்டை இறக்கினேன். அம்மா அதன் பின்பக்கத்தில் வடகம் காயவைத்த தடம்கூட அப்படியே இருந்தது. மெடிக்கலில் போரிக் பவுடர் வாங்கி வந்து தூவி, உள்ளங்கையால் தேய்த்து, ஸ்ட்ரைக்கரை ஒரு தட்டு தட்டினால் எதிர்க் கட்டையில் மோதி சத்தமில்லாமல் என் கோட்டுக்கே திரும்பி வருகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் தவணையும் இல்லை, மேனேஜரும் இல்லை.

மகளோடு ஆடும்போது கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50. ரெட்டைப் போட்டுவிட்டு, அடுத்து கட்டாயம் போட வேண்டிய ஃபாலோ காயினைப் போட முடியாமல் அவள் முகம் போகிற போக்கு இருக்கிறதே! எதிர்வீட்டு சாரோடு என்றால் முறையான ஆட்டம், அங்கே கணக்கே வேறு, 25 பாயின்ட் எடுத்தால் ஜெயித்த மாதிரி.

கேரம் வெட்டிப்பயல் விளையாட்டு, காசு கட்டி ஆடுவார்கள் என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: காசு கட்டுபவன் மழை வருமா வராதா என்றுகூடக் கட்டுவான். அப்புறம், தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பே இல்லை என்கிற அளவுக்கு இருந்தால் டாக்டரைப் பாருங்கள். கேரம் மருந்து என்று நான் சொல்லவே இல்லை.

இதற்கும் எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் புகார் வந்தது. "டக் டக் சத்தம்" தாங்கவில்லையாம். லிஃப்ட் மாதக்கணக்கில் ரிப்பேர், மூன்றாவது மாடி வரை கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அதைப் பற்றி வாய் திறக்க ஆள் இல்லை. மெயின்டனன்ஸ் மட்டும் தேதி தவறாமல் கேட்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஆட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒருவேளை உங்களுக்கும் கேரம்தான் என்றால், பிள்ளைகளுக்கு விற்கும் சின்ன போர்டை வாங்கிவிடாதீர்கள், இரண்டு நாளில் சலித்துவிடும். ஆடும் இடம் 74 சென்டிமீட்டர் சதுரம், அதுதான் சரியான அளவு. மழைக்காலத்தில் பலகை ஈரம் இழுத்து காயின் நகராது, அதனால் ஜன்னல் ஓரத்தில் சாத்தி வைக்க வேண்டாம்.